வீட்டுக் கணக்கில் பிள்ளைக்கும் ஓர் இடம்

ஒரு திங்கட்கிழமை காலை. முதல் பாடவேளை தொடங்கும் முன்பே ஒரு தாய் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டாசு ஆலை வேனை விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைய கூலி போயிற்று என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் போகாத அலுமினியப் பொடி அவருடைய நக ஓரங்களில் வெள்ளியாக ஒட்டியிருந்தது.

"மூணு நாளா பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேங்கிறான் டீச்சர். பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு போன் கேக்குறான். வாங்கித் தர்றேன்னுதான் சொல்லியிருக்கேன். ஆலையில அட்வான்ஸ் கேட்டிருக்கு. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்க."

போன் கேட்பது தவறு என்று மகனுக்கு எடுத்துச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. தான் வாங்கித் தரும்வரை பள்ளிக்கு வந்தால் போதும் என்றுதான் கேட்டார். மகன் படிப்பது 11ஆம் வகுப்பு.

மறுநாள் அந்த மாணவர் வந்தார். நான் செய்தது பெரிய தவறு. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "உங்க அம்மா கையை என்னைக்காவது பார்த்திருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். தலை குனிந்து நின்றார். அடுத்த ஒரு வாரம் பள்ளிப் பக்கமே வரவில்லை. பிறகு தனியாகப் பேசியபோது அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"எங்க வீட்டுல எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு எனக்கே தெரியாது டீச்சர். கேட்டா, 'நீ படிக்கிற வேலையப் பாரு'ன்னு சொல்வாங்க. கேட்டதை வாங்கியும் தருவாங்க. அப்போ காசு இருக்குன்னுதானே நினைப்பேன்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை, கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் என ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அருமை தெரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நாம் என்ன வாய்ப்பு கொடுத்தோம்?

வேலை பார்த்த தலைமுறையும் வேலை அறியாத தலைமுறையும்

எங்கள் பகுதியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இது விளங்கும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டியும், பிறகு பட்டாசும், அச்சுத் தொழிலும் இந்த வறண்ட மண்ணில் வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலையும் இருந்தது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பகுதித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வது குறித்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2016இல் வந்த சட்டத் திருத்தம், 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடை செய்தது.

நம் மாணவர்களின் பெற்றோரில் பலர் அந்த மாற்றக் காலத்தில் வளர்ந்தவர்கள். நானும் பள்ளிவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டியவள்தான். எத்தனை பெட்டி ஒட்டினால் எவ்வளவு கிடைக்கும், அதில் எவ்வளவு மளிகைக் கடைப் பாக்கிக்குப் போகும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியும். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வயதில் சுமக்கக் கூடாத சுமை அது.

அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் பெற்றோரானதும் ஓர் உறுதி எடுத்துக்கொண்டார்கள். "நாங்க பட்ட கஷ்டம் எங்க பிள்ளைக்குத் தெரியக் கூடாது." நல்ல எண்ணம்தான். பிள்ளை ஆலைப் பக்கம் போகக் கூடாது என்பது நியாயம். ஆனால் ஆலைக் கதவை அடைத்தபோது வீட்டுக் கணக்கின் கதவையும் சேர்த்தே அடைத்துவிட்டோம். முன்பு சனிக்கிழமை மாலை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கூலியையும், அது கடைக்காரருக்கும் சீட்டுக்கும் பிரிவதையும் பிள்ளை கண்ணால் பார்த்தது. இன்று பெரும்பாலான செலவு போனில் ஸ்கேன் செய்வதோடு முடிந்துவிடுகிறது. பணம் குறைவதைப் பிள்ளை பார்ப்பதில்லை.

வேலை செய்து பணத்தை அறிந்த தலைமுறை ஒன்று. வேலையும் இல்லாமல், பணத்தையும் அறியாமல் வளரும் தலைமுறை இன்னொன்று. வேலை செய்யாமலே வீட்டுக் கணக்கை அறிந்த பிள்ளைகளை உருவாக்குவதுதான் இப்போது மீதமிருக்கும் வேலை.

இலவசம் கெடுத்துவிட்டதா?

"புத்தகம், சீருடை, சைக்கிள், சாப்பாடு எல்லாம் சும்மா கிடைக்கிறது. அதனால்தான் இப்படி ஆகிவிட்டார்கள்" என்ற பேச்சையும் நாம் கேட்டிருப்போம். இந்த இடத்தில் நிதானம் தேவை. கல்வி பிள்ளையின் உரிமை. பசியில்லாமல் வகுப்பில் உட்காருவதும் உரிமை. உரிமையைப் பெறுகிற பிள்ளையை யாசகம் வாங்குபவரைப் போல நாம் பார்த்தால், உரிமைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் விளங்காது. பள்ளிப் புத்தகமும் விலை உயர்ந்த போனும் அவர் மனதில் ஒரே தட்டில்தான் இருக்கும்.

அரசு இவற்றை 'விலையில்லா' பொருள்கள் என்கிறது. வாங்குபவருக்கு விலை இல்லை. ஆனால் யாரோ அதற்கான தொகையைச் செலுத்தியிருக்கிறார்கள். இதை விளக்க எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா பள்ளி பிடி அரிசியால் வளர்ந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைப்பார்கள். வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராசர். குடும்பச் சூழலால் அவர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவரே முதலமைச்சரானபோது, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் ஊர்மக்களையும் பள்ளிக்குக் கொடுக்கவைத்தார்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, "இன்று நம் பள்ளிக்குப் பிடி அரிசி போடுவது யார்?" என்று கேட்டேன். முதலில் "கவர்மெண்ட்" என்றார்கள். கவர்மெண்டுக்கு யார் கொடுப்பது என்று கேட்டதும் பேச்சு வரிக்குத் திரும்பியது. சோப்பு, பிஸ்கட், தங்கள் தாயின் கையால் உருவான பட்டாசுப் பெட்டி என ஒவ்வொன்றிலும் வரி இருப்பதைப் பில்லில் தேடிக் கண்டுபிடித்தார்கள். "அப்போ எங்க அம்மாவும் பிடி அரிசி போடுறாங்க டீச்சர்" என்றார் ஒரு மாணவி. அந்த ஒரு வாக்கியத்தில் உரிமையும் இருந்தது, பொறுப்பும் இருந்தது.

காத்திருக்க ஏன் முடியவில்லை?

பணத்தைப் பற்றிய பேச்சில் அடுத்து வருவது பொறுமை. பி.எட். வகுப்பில் நாம் படித்த ஒரு சோதனை நினைவிருக்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் நடத்தியது. சிறு குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்பார்கள். காத்திருக்கும் குழந்தைக்குத் தன்கட்டுப்பாடு அதிகம் என்று நாம் எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

அதே சோதனையை 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளைக் கொண்டு வேறு விதமாகச் செய்து வெளியிட்டார்கள். இனிப்பு வைப்பதற்கு முன், "நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் வாக்குக் கொடுப்பார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பிரிவினரிடம் "இல்லை" என்று வெறுங்கையுடன் வந்தார். அதன்பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம். பொறுமை என்பது குழந்தையின் குணம் மட்டும் அல்ல, பெரியவர்கள் மீது அதற்கு இருக்கும் நம்பிக்கையும்கூட என்று இது காட்டுகிறது.

இதை நம் பகுதியோடு பொருத்திப் பாருங்கள். பட்டாசு வேலை வெயிலை நம்பியது. மழை பெய்தால் காயப்போட முடியாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்துவிடும். 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பிறகு கொரோனா வந்தது. இன்று மேல்நிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் இவற்றையெல்லாம் சிறு வயதில் பார்த்தவர்கள். "அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்" என்ற சொல் பலமுறை பொய்த்துப்போன வீட்டில், "கையில் காசு இருக்கும்போதே வாங்கிவிடு" என்று ஒரு பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் பிடிவாதம் அதிகமாவதன் காரணமும் இதுதான்.

போன் ஆசையில் நமக்கும் பங்கு உண்டு. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டில் ஒரு போன் வேண்டும் என்று சொன்னவர்கள் நாம்தான்.

வகுப்பறையில் செய்து பார்த்தவை

புத்திமதி சொல்வதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தோம். வாரம் ஒரு பாடவேளை போதுமானதாக இருந்தது.

1. ஒரு கற்பனைக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். தாயின் வாரக்கூலி 2,400 ரூபாய், தந்தையின் வாரக்கூலி 3,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். வாரம் 6,000. ஆண்டின் 52 வாரங்களில் தீபாவளிக்குப் பின், மழைக்காலம், ஊர்ப் பொங்கல் என 10 வாரம் வேலை இல்லை. 42 வாரக் கூலி 2,52,000 ரூபாய். அதை 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 4,846 ரூபாய்தான். வேலை இருக்கும் வாரத்தில் 6,000த்தையும் செலவழித்துவிட்டால் வேலை இல்லாத 10 வாரத்துக்குக் கடன்தான். ஆலையில் வாங்கும் முன்பணம் எப்படித் தொடங்குகிறது, ஏன் முடிவதில்லை என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு வகுத்தலில் கண்டுகொண்டார்கள்.

2. தவணையின் உண்மை விலை. 18,000 ரூபாய் போனை மாதம் 1,750 வீதம் 12 மாதத் தவணையில் வாங்கினால் 21,000 ரூபாய். கூடுதல் 3,000. நாள் கூலி 400 என்றால் ரொக்க விலை 45 நாள் உழைப்பு, தவணை விலை 52½ நாள். ஏழரை நாள் உழைப்பு எங்கே போயிற்று என்று குழுவாக விவாதித்தார்கள். 'வட்டியில்லா' என்று எழுதிய விளம்பரத்தில் செயல்முறைக் கட்டணம், காப்பீடு என்று சிறிய எழுத்தில் இருப்பதையும் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

3. உரிமை, தேவை, ஆசை. கரும்பலகையில் மூன்று கட்டங்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டுச்சீட்டில் ஒரு பொருளை எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பொங்கல் துணி தேவையா ஆசையா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. போன் 'தேவை'யில் ஒட்டப்பட்டு, 'என்ன விலைக்கு?' என்ற கேள்வி வந்ததும் இரண்டாகக் கிழிக்கப்பட்டு ஒரு பாதி 'ஆசை'க்குப் போனது. ஆசை தவறானது என்று நான் சொல்லவில்லை. ஆசைக்கு வரிசை உண்டு என்பதை அவர்களே கண்டார்கள்.

4. கையில் வரப்போகும் ஆயிரம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதும் கிடைத்தால் 36,000 ரூபாய். நம் பிள்ளைகளில் பலருக்குத் தம் பெயரில் வரும் முதல் தொகை அதுதான். அதைப் போன் தவணைக்குத் தரப்போகிறார்களா, பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று பிரிக்கப்போகிறார்களா? 12ஆம் வகுப்பிலேயே திட்டம் எழுதவைத்தோம். நாம் படித்த காலத்தில் பள்ளியில் சஞ்சயிகா சேமிப்பு இருந்தது. இன்று 10 வயது நிறைந்த பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. அக்டோபர் 30 சிக்கன நாளைக் கட்டுரைப் போட்டியோடு முடிக்காமல், அருகிலுள்ள அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் மாதிரிப் பணத்தாள் கொண்டு கடை விளையாட்டு நடத்துகிறோம். அதில், "கையில் 20 ரூபாய், வேண்டியதோ 35 ரூபாய்க்கு. எதை விடுவாய்?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். அதைவிட முக்கியம், "நாளைக்குக் கதைப் புத்தகம் தருகிறேன்" என்று நாம் சொன்னால் நாளைக்கே தருவது. காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் முளைக்கிறது.

கவனிக்க வேண்டியவை

எந்த மாணவரிடமும் அவர் வீட்டு வருமானத்தை வகுப்பில் கேட்கக் கூடாது. அதனால்தான் கற்பனைக் குடும்பம். என் வகுப்பில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். தாயின் கையைக் காட்டிப் பிள்ளையைக் கூச வைத்தால் அவர் வெட்கத்தைத்தான் கற்பார், கணக்கைக் கற்க மாட்டார்.

"அவ்வளவு ஆசை இருந்தால் லீவில் வேலைக்குப் போய்ச் சம்பாதி" என்று விளையாட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம். எங்கள் பகுதியில் அது விளையாட்டில் முடிவதில்லை. போனுக்காக ஆலைக்குப் போன பையன் பலர் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவர்கள் போன இடமும் மருந்து கலக்கும் இடம்.

பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன். "கஷ்டத்தைச் சொல்லி அழ வேண்டாம். கணக்கை மட்டும் காட்டுங்கள். 'இல்லை' என்று சொல்வதைவிட, 'இந்த மாதம் இவ்வளவு வந்தது, இதற்குப் போனது, உன் ஆசைக்கு இன்னும் இத்தனை வாரம்' என்று சொல்லுங்கள். சொன்ன வாரத்தில் வாங்கிக் கொடுங்கள்." கூட்டத்தில் ஒரு தந்தை, "பிள்ளைகிட்ட சம்பளத்தைச் சொன்னா மதிப்பு குறையாதா டீச்சர்?" என்று கேட்டார். அந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆசிரியர் வீடுகளிலும் இருக்கிறது. என் மகளிடம் நான் என் சம்பளத்தில் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு போகிறது என்று சொன்னது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். மதிப்பு குறையவில்லை. அந்த மாதம் அவள் கேட்க நினைத்திருந்ததை அவளே தள்ளிவைத்தாள். நான் கேட்காமலே.

அந்த 11ஆம் வகுப்பு மாணவருக்குப் போன் கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்தது. வேறொருவர் பயன்படுத்திய போன், 7,000 ரூபாய்க்கு. அதற்கும் ஆலையில் முன்பணம்தான் வாங்கினார்கள். சில மாதம் கழித்து அந்தத் தாயை வழியில் பார்த்தேன். வீட்டில் சிவகாசியில் அச்சான மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறதாம். ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று மகன் பேனாவால் எழுதி வைக்கிறாராம்.

"போன வாரம் மழை டீச்சர், பாதி நாள்தான் வேலை. அவனே கேட்டான், 'இந்த வாரம் கழிக்க வேண்டாம்னு சொல்லிரும்மா, அரிசிக்கு வச்சுக்கலாம்'னு."

பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார். கணக்கும் முன்பைவிட நன்றாகப் போடுகிறார்.